மார்ச் மாதத்துச் சுவர்

ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் 'இந்த வாரம் நகரில்' என்று ஒரு பத்தி வரும். சென்னையில் எங்கே என்ன ஓவியக் கண்காட்சி, யார் திறந்துவைக்கிறார்கள், எத்தனை மணி வரை பார்க்கலாம் என்ற விவரங்கள் இருக்கும். ஓவியம் படித்த நாளிலிருந்து அந்தப் பத்தியை வெட்டி நோட்டில் ஒட்டிவைப்பது என் பழக்கம். புரட்டிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மார்ச் 8ஐ ஒட்டிய வாரத்தில் மட்டும் அந்தப் பத்தி திடீரென்று சேலை கட்டிக்கொள்கிறது. பெண்மை, சக்தி, தாய்மை, அவள். இந்த நான்கு சொற்களை மாற்றி மாற்றிப் போட்டால் அந்த வாரத்தின் எல்லாத் தலைப்புகளும் வந்துவிடும். அடுத்த வாரமே பத்தி பழைய வேட்டிக்குத் திரும்பிவிடும்.

என்னோடு படித்தவள் ஒருத்தி இருக்கிறாள். எங்கள் வகுப்பில் அவளைப் போலக் கோடு போட ஆள் கிடையாது. இப்போது புறநகர்ப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை. இரவு பாத்திரம் கழுவி முடித்த பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து வரைகிறாள். ஐந்தாறு வருடமாக அவள் வரைவது ட்ரான்ஸ்ஃபார்மர்களை. தெருமுனையில் கம்பி வேலிக்குள் நிற்கிற, மழை பெய்தால் பொறி பறக்கிற அதே ட்ரான்ஸ்ஃபார்மர்தான். அதன் பீங்கான் குமிழ்களையும் துரு ஓடிய எண்ணெய்க் கறையையும் அவள் வரைந்திருப்பதைப் பார்த்தால் அந்தப் பக்கம் நடக்கக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

போன மார்ச்சுக்கு அவளிடம் இரண்டு படம் கேட்டார்கள். படங்களைப் பார்த்த ஏற்பாட்டாளர் சொன்னது: "நல்லா இருக்கு மேடம். ஆனா மார்ச்சுக்கு ஒத்துவராது. அம்மா, குழந்தை, மயில், அந்த மாதிரி ஏதாவது இருக்கா?" பங்கேற்புக் கட்டணம் உண்டு என்பதையும் சொல்லிவிட்டார். கொண்டாடப்படுவதற்குக் கட்டணம். ஃப்ரேம் போடும் செலவும் ஏற்றி இறக்கும் வண்டிக் கூலியும் தனி.

அவள் போட்ட வேலையைக் கேளுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் படத்துக்குத் 'தாய்மை' என்று பெயர் எழுதிக் கொடுத்துவிட்டாள். எடுத்துக்கொண்டார்கள்! கழிவறைக்குப் போகும் வழியில் மாட்டினார்கள் என்பது வேறு கதை.

அந்தக் கூடத்தின் மற்ற சுவர்களில் என்ன இருந்தது? நீங்கள் போகவே வேண்டாம், சொல்லிவிடலாம். தலையில் குடத்தோடு பெண். இடுப்பில் குடத்தோடு பெண். மல்லிகைப்பூ வைத்து முதுகைக் காட்டி நிற்கும் பெண். ஒருத்தியும் நம்மை நேராகப் பார்க்கவில்லை. இமை தாழ்ந்தே இருக்கிறது. இவற்றை ஆண்கள் மட்டும் வரையவில்லை, பெண்களும் வரைகிறார்கள். விற்பது அதுதான் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வாடகை கட்ட வேண்டும் அல்லவா.

1989இல் நியூயார்க்கில் கெரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர் குழு, கொரில்லா முகமூடி போட்டுக்கொண்டு ஒரு சுவரொட்டி அடித்தது. மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் நவீன கலைப் பிரிவில் கலைஞர்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் நிர்வாண உருவங்களில் 85 சதவீதம் பெண்கள். உள்ளே நுழைய ஆடையைக் களைய வேண்டுமா என்று கேட்டார்கள். நம் ஊரில் களைய வேண்டியதில்லை. பட்டுச்சேலை கட்டி, குடத்தைத் தூக்கிக்கொண்டால் போதும்.

இந்தக் குடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெரினாவின் உழைப்பாளர் சிலை ஞாபகம் வரும். எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் நிறுவப்பட்டது. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். நான்கு பேரும் ஆண்கள். அற்புதமான சிலை, மறுக்கவில்லை. ஆனால் இந்த நகரத்தில் எந்தக் கட்டடம் எழும்பும் இடத்திலும் சித்தாள் பெண்கள் சிமெண்ட் சட்டியைத் தலையில் சுமந்து சாரம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஆண் பாறையைத் தள்ளினால் கலை அதை உழைப்பு என்கிறது. பெண் தண்ணீரைச் சுமந்தால் அழகு என்கிறது. பத்து லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிலோ எடை. கழுத்து வலிக்கும். அந்த வலியை ஒரு குடப்படத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

"வருஷத்துல ஒரு வாரமாவது கிடைக்குதே, அதையும் ஏன் கெடுக்கிறே?" என்று என்னைக் கேட்பவர்களில் பெண்களும் உண்டு. திறப்புவிழாவில் ஒருவர் இன்னும் மேலே போனார்: "பெண்கள் படத்துக்கு விலை இல்லைன்னு யாரும்மா சொன்னது? அம்ரிதா ஷெர்கில் படம் 61.8 கோடிக்குப் போச்சே!" போனது. 2023இல். அவர் இறந்தது 1941இல், 28 வயதில். உயிரோடிருக்கும் என் தோழிக்கு அந்த ஏலத்தால் என்ன ஆயிற்று என்று கேட்டேன். சமோசா எடுக்கப் போய்விட்டார்.

உயிரோடிருந்தவர்களுக்கு இந்த ஊர் என்ன செய்தது? மெட்ராஸ் ஓவிய இயக்கம் என்றால் பணிக்கர், தனபால், சந்தானராஜ், ஆதிமூலம் என்று ஒரே மூச்சில் பெயர்கள் வரும். 1966இல் தொடங்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்தின் கதையையும் அப்படித்தான் சொல்கிறோம். பணிக்கரிடம் சென்னையில் படித்த டி. கே. பத்மினியின் பெயரைச் சொல்ல இன்னொரு மூச்சு வேண்டியிருக்கிறது. கேரளத்திலிருந்து வந்தவர். பெண்ணுடலை இருண்ட நிலத்தோடும் மரங்களோடும் சேர்த்து, யார் கண்ணுக்காகவும் அல்லாமல் வரைந்தவர். 1969இல் பிரசவத்தில் இறந்துபோனார். முப்பது வயது ஆகவில்லை. தாய்மை என்று தலைப்பு வைக்கும் க்யூரேட்டர்கள் இதையும் சுவரில் எழுதி வைக்கட்டும்.

பெண்கள் கூடிக் கண்காட்சி வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. 1987 முதல் 1989 வரை நளினி மலானி, மாதவி பாரேக், நீலிமா ஷேக், அர்பிதா சிங் நால்வரும் சேர்ந்து 'த்ரூ த லுக்கிங் கிளாஸ்' என்ற கண்காட்சியை ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். அவர்கள் ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டார்கள். மயில் இருக்கிறதா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 2018 கொச்சி பினாலேக்கு அனிதா துபே க்யூரேட்டராக வந்தபோது, பங்கேற்ற கலைஞர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மகளிர் சிறப்பு பினாலே என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை. கூட்டம் வரத்தான் செய்தது. ஆகவே, பெண் கலைஞர்கள் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால், தேடவில்லை என்று திருத்திக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓவியம் படிக்கும் மாணவிகளுக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். உங்கள் வகுப்பில் எத்தனை பெண்கள் என்று எண்ணி மகிழ்வது போதாது. பட்டம் வாங்கிப் பத்து வருடம் கழித்து எத்தனை பேர் வரைகிறார்கள், எந்த அறையில், எத்தனை மணிக்கு என்று எண்ணுங்கள். என் தோழியின் படங்கள் எல்லாமே இரண்டடிக்கு மூன்றடி. பார்த்தவர்கள் அதை ஒரு அழகியல் முடிவு என்று பேசினார்கள். கேஸ் அடுப்பு மேடைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் அவ்வளவுதான் இடம்.

கண்காட்சி முடிந்த மறுநாள் மதியத்துக்குள் படங்களை எடுத்துப்போகச் சொன்னார்கள். அவளுக்குப் பள்ளிக்கூடம், அதனால் நான் போனேன். 'தாய்மை' விற்கவில்லை. டாடா ஏஸில் ஏற்றி, பழைய போர்வை சுற்றி, கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் பரணில் வைக்க முடியவில்லை, பீரோவுக்குப் பின்னால் செருகினோம். "ஜூன்ல அந்த ஹால் சும்மாத்தானே இருக்கும், மொத்த சீரிஸையும் வைக்கக் கேட்டுப் பாரேன்டி" என்றாள்.

போன் செய்தேன். "அடுத்த மார்ச்ல பார்க்கலாம் மேடம்" என்றார்கள். மார்ச் வேண்டாம், ஜூன் வேண்டும் என்று இருவரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். இருபத்திரண்டு ட்ரான்ஸ்ஃபார்மர்கள். பெயர் எதுவும் வைக்கவில்லை, எண் மட்டும்.