மாடித்தோட்டமும் சிறுநீரக நோயாளியும்

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்ளத் தொடங்கும் ஒருவரிடமிருந்து வீட்டார் முதலில் வாங்கிக்கொள்வது வேலைகளைத்தான். கடைக்குப் போக வேண்டாம், படியேற வேண்டாம், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று அன்பின் பெயரால் ஒவ்வொன்றாகத் தடை விழுகிறது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் இயந்திரத்தின் அருகில் படுத்திருப்பவர், மற்ற நாள்களிலும் பிறரால் பார்த்துக்கொள்ளப்படுபவராகவே ஆகிவிடுகிறார். அவர் பார்த்துக்கொள்வதற்கென்றும் ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மாடியிலோ பால்கனியிலோ நான்கு தொட்டிகள் அதற்குப் போதும்.

இதைச் சொன்னவுடன் உறவினர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "நம் வீட்டில் விளைந்த கீரை, மருந்து அடிக்காதது, அதை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் அல்லவா?" கொடுக்கக் கூடாது. பூச்சிமருந்து வெளியிலிருந்து தெளிக்கப்படுவது. பொட்டாசியமோ செடியின் உயிரணுக்களிலேயே இருப்பது. எவ்வளவு தூய்மையாக வளர்த்தாலும் அது குறையாது. முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் தக்காளியும் நம் தொட்டியில் விளைந்தாலும் சந்தையில் வாங்கினாலும் இவ்விஷயத்தில் ஒன்றே. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். சில வேளைகளில் முன்னறிவிப்பின்றி நின்றும் போகும். எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் இக்கட்டுப்பாடு ஒரே அளவில் இல்லை. உங்கள் இரத்தப் பரிசோதனையே அளவைச் சொல்லும்.

ஆகவே எதை விதைப்பது என்பதை நாவைக் கேட்டு மட்டும் முடிவு செய்யலாகாது. பந்தல் போட இடமிருந்தால் சுரை, பீர்க்கு, புடலை ஏற்றவை. தொட்டியில் கத்தரி நன்றாக வரும். இவற்றில் பொட்டாசியம் ஒப்பளவில் குறைவு. ஆயினும் பொடியாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டுச் சமைப்பது நலம். வடித்த நீரில் சத்து இருக்கிறதென்று அதை ரசத்தில் சேர்த்துவிடும் சிக்கனம் நம் வீடுகளில் உண்டு. இங்கே அது வேண்டாம்.

என்னைக் கேட்டால், முதல் தொட்டியில் பச்சை மிளகாயும் இரண்டாவதில் புதினாவும் வைக்கச் சொல்வேன். உப்பைக் குறைத்த சாப்பாடு சப்பென்றிருக்கிறது என்பதே எங்களிடம் வரும் பெரும்பாலானோரின் குறை. கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, மிளகாய் ஆகியவற்றைச் சிறிதளவே சேர்த்தாலும் அந்தக் குறை பாதியாவது தீரும். மாறாக, விளைச்சல் மிகுந்துவிட்டதென்று கொத்தவரங்காயை வற்றலாகவும் மிளகாயை மோர்மிளகாயாகவும் ஆக்கிவிட்டால், எந்த உப்பைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே திரும்பி வந்துவிடும். உப்பு தாகத்தைத் தூண்டும்; குடித்த நீர் உடலில் தங்கும்; அடுத்த டயாலிசிஸின்போது எடை கூடியிருக்கும். மிகுந்ததை அண்டை வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

அண்டை வீட்டார் பதிலுக்குத் தரும் அறிவுரைகளில்தான் கவனம் தேவை. வாழைத்தண்டுச் சாறு, மூக்கிரட்டைக் கீரை என்று சிறுநீரகத்துக்கு நல்லதாகச் சொல்லப்படுபவை பல. கல் உள்ளவருக்குச் சொல்லப்பட்டதைச் செயலிழந்தவருக்குக் கொடுப்பது ஆபத்து. பிலிம்பிச் சாற்றில் ஆக்சலேட் மிகுதி. அதைக் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் கேரளத்தில் உண்டு. நட்சத்திரப்பழம் டயாலிசிஸ் நோயாளிக்கு ஓயாத விக்கலையும் மனக்குழப்பத்தையும் வலிப்பையும் உண்டாக்கக்கூடிய நஞ்சு. அவ்விரண்டும் உங்கள் மாடியில் இருந்தால் பறித்துப் பிறருக்குக் கொடுங்கள். நோயாளியின் தட்டில் வைக்காதீர்கள்.

இனி வேலை. ஃபிஸ்டுலா உள்ள கையால் மண் நிரம்பிய பையையோ நீர்க்குடத்தையோ தூக்கக் கூடாது. மண்ணைக் குறைத்துத் தென்னை நார்க்கழிவைக் கூட்டினால் பையின் எடை பெரிதும் குறையும். அப்போதும் அதை இடம் மாற்றுவது மகனோ மருமகளோ செய்ய வேண்டிய வேலை. டயாலிசிஸ் முடிந்த அன்று மாடி ஏற வேண்டாம். இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றலாம். ஹெப்பாரின் கொடுக்கப்பட்டிருந்தால் சிறு கீறலிலும் இரத்தம் நெடுநேரம் கசியும். கழுத்தில் குழாய் பொருத்தியிருப்பவர்கள் அது நீக்கப்படும் வரை மண்ணைத் தொடாதிருப்பதே பாதுகாப்பு.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்குத் தனி எச்சரிக்கை. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மாத்திரைகளை உண்பவர்களுக்கு, மட்கிய உரத்தைக் கிளறும்போது எழும் பூஞ்சை வித்துக்கள் நுரையீரலில் கடுமையான தொற்றை உண்டாக்கலாம். அறுவைக்குப் பின் எப்போது தொடங்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். அதன் பின்னும் உரம் கலப்பது வேறொருவர் பொறுப்பாகவே இருக்கட்டும். நீங்கள் கையுறையும் முகக்கவசமும் அணிந்து காய் பறிக்கலாம், கொடி கட்டலாம்.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒரு முறையேனும் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும். நீரின் அளவை எண்ணி எண்ணிக் குடிக்கும் நோயாளிக்கு டெங்கு வந்தால் மருத்துவம் செய்வது எங்களுக்கே கடினம்.

அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டுடன், உங்கள் தொட்டிகளில் என்னென்ன வளர்கின்றன என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். இரத்தப் பரிசோதனை முடிவை அருகில் வைத்து, எதை எவ்வளவு உண்ணலாம் என்று உணவியல் வல்லுநர் குறித்துத் தருவார்.