ராமானுஜன் தவறவிட்ட எண்

ராமானுஜன் என்றாலே டாக்ஸி கதையும் 1729-ம்தான். அவருடைய உழைப்பு தெரிய வேண்டுமானால் காரணிகளை எண்ணிப் பாருங்கள்.

வழி சுலபம். எண்ணைப் பகா எண்களாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும். சேலம் ஃபேர்லேண்ட்ஸின் பின்கோடு 636016 = 2⁴ × 127 × 313. காரணிகள் 5 × 2 × 2 = 20.

இப்போது 293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. காரணிகள் 5040! இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இத்தகைய எண்களை ராமானுஜன் 1915-ல் பட்டியலிட்டபோது இது விடுபட்டுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இதை 23-ஆல் பெருக்கினால் வருவது 6746328388800. அவர் பட்டியலின் கடைசி எண்!

கணினி இல்லாத காலத்தில், பக்கத்து ஈரோட்டில் பிறந்தவர் கையால் போட்ட கணக்கு. ஒன்று விடுபட்டதால் அவர் குறைந்துவிடவில்லை. கதையை மனப்பாடம் செய்வதைவிட, கணக்கைப் போட்டுப் பார்ப்பதே அவருக்கு மரியாதை.