ரத்தக்கட்டியைக் கரைக்கிறதாமே இந்த இலை... 90 நிமிடச் சோதனையில் நடப்பது என்ன?

‘இதயத்தில் அடைப்பா? ஆபரேஷன் வேண்டாம். இந்த மூலிகை ரத்தக்கட்டியைக் கரைத்துவிடும். விஞ்ஞானிகளே நிரூபித்துவிட்டார்கள்!’

குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி சுற்றிவரும் மெசேஜ் இது. மூலிகையின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். கீழே ஏதோ ஓர் ஆய்வுக் கட்டுரையின் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். பொதுவாக இப்படிப்பட்ட ஃபார்வேர்டுகளை ‘வதந்தி’ என்று ஒதுக்கிவிடலாம். ஆனால், இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த ஆய்வு பெரும்பாலும் உண்மையாகவே நடந்திருக்கும். இலைச்சாறு பட்டு ரத்தக்கட்டி கரைந்ததும் உண்மையாக இருக்கும். எங்கே கரைந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கீழே விழுந்து அடிபட்டால் தோல் கன்றி நீலம் பாரிக்குமே, அதை நம் வீடுகளில் ‘ரத்தக்கட்டு’ என்பார்கள். புளியும் உப்பும் கொதிக்கவைத்துப் பற்றுப் போடுவது அதற்குத்தான். இங்கே பேசுவது அதுவல்ல. ரத்தக்குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்து, ஓட்டத்தை அடைத்துவிடும் கட்டி. அது இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு, மூளையில் அடைத்தால் பக்கவாதம். பாட்டி போட்ட பற்றில் ரத்தக்கட்டு மறைந்ததை வைத்து, இதயத்தில் இருக்கும் கட்டியும் மறையும் என்று நம்புகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு.

நாக்பூரில் தொடங்கிய கதை

நாக்பூரில் உள்ள மத்திய இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள், 2006-ல் ஒரு எளிய சோதனை முறையை வெளியிட்டார்கள். கட்டியைக் கரைக்கும் மருந்துகளை உடலுக்கு வெளியே சோதித்துப் பார்ப்பதற்கான முறை அது. மறு வருடமே அதே முறையில் ஆறு மூலிகைகளைச் சோதித்தார்கள். சீந்தில், மஞ்சிட்டி, நன்னாரி, அதிமதுரம், நீர்ப்பிரமி, வடநாட்டில் ‘தமாசா’ என்று அழைக்கப்படும் ஒரு முட்செடி. அந்தக் குழாய்களில் பேர் வாங்கியது தமாசாதான்.

சோதனை இப்படி நடக்கும். ஆரோக்கியமான தன்னார்வலரிடம் ரத்தம் எடுப்பார்கள். அவர் கருத்தடை மாத்திரையோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்தோ எடுப்பவராக இருக்கக் கூடாது. ஏற்கெனவே எடை பார்த்து வைத்த விரல் நுனி அளவு பிளாஸ்டிக் குழாய்களில் அரை மில்லி ரத்தத்தை விட்டு, 37 டிகிரி செல்சியஸில் 45 நிமிடம் வைப்பார்கள். ரத்தம் உறைந்து கட்டியாகிவிடும். மேலே மிதக்கும் தெளிந்த நீரை எடுத்துவிட்டு எடை போட்டால், கட்டியின் எடை கிடைக்கும். பிறகு ஒரு குழாயில் மூலிகைச் சாறு, இன்னொன்றில் ‘ஸ்ட்ரெப்டோகைனேஸ்’ என்ற மருந்து, மற்றொன்றில் வெறும் தண்ணீர். மூன்றிலும் 0.1 மில்லிதான். மீண்டும் 37 டிகிரியில் 90 நிமிடம். கரைந்து வழிந்ததை எடுத்துவிட்டு மறுபடி எடை போட வேண்டும். எவ்வளவு எடை குறைந்ததோ, அவ்வளவு கரைந்ததாகக் கணக்கு.

வெறும் தண்ணீர் விட்ட குழாயிலும் கொஞ்சம் எடை குறையும். அதனால்தான் தண்ணீரையும் சேர்த்தே சோதிக்கிறார்கள்.

துல்லியமான தராசு, சூடு மாறாத பெட்டி, ஒரு வயல் ஸ்ட்ரெப்டோகைனேஸ் இருந்தால் போதும். பெரிய லேப் தேவையில்லை. அதனாலேயே இந்த முறை வேகமாகப் பரவியது. குறிப்பாக, பங்களாதேஷ் பல்கலைக்கழகங்களின் பார்மசி துறைகளில் உள்ளூர்ச் செடிகளை இப்படி ஒவ்வொன்றாகச் சோதித்து ஏராளமான கட்டுரைகள் வந்திருக்கின்றன. செலவு குறைவான ஒரு வடிகட்டல் சோதனை என்ற அளவில் இது உண்மையிலேயே நல்ல விஷயம்.

மருந்துதான் இருக்கிறதே... பிறகு ஏன் தேடுகிறார்கள்?

ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. 1933-ல் அமெரிக்காவின் வில்லியம் டில்லெட் இதைக் கண்டறிந்தார். நம் ரத்தத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு புரதத்தை இது தட்டி எழுப்பும். அது ‘பிளாஸ்மின்’ ஆக மாறி, கட்டியைப் பிடித்துவைத்திருக்கும் ‘ஃபைப்ரின்’ நார்களை வெட்டும். 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் மாரடைப்பு வந்த 17,187 பேர் இருந்தார்கள். இரண்டு மருந்தும் கிடைக்காதவர்களில் ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய் பாதிப்பால் இறந்தவர்கள் 100-க்கு சுமார் 13 பேர். ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் சேர்த்துக் கிடைத்தவர்களில் அது 8 ஆகக் குறைந்தது.

குறைகளும் உண்டு. பாக்டீரியாப் பொருள் என்பதால் உடல் அதற்கு எதிர்ப்பொருள் தயாரித்துவிடும். ஒருமுறை போட்டவருக்கு மறுமுறை போடத் தயங்குவார்கள். அலர்ஜி வரலாம். வேறு இடத்தில் ரத்தக்கசிவு ஏற்படலாம். பின்னால் வந்த மருந்துகளுக்கு விலை அதிகம். செடிகளின் பக்கம் ஆராய்ச்சியாளர்கள் திரும்புவதில் நியாயம் இருக்கிறது.

குழாய் வேறு, உடல் வேறு

அந்தச் சிறு குழாயில் விடும் 0.1 மில்லி ஸ்ட்ரெப்டோகைனேஸில் 30,000 யூனிட் இருக்கும். மாரடைப்பு நோயாளி ஒருவருக்கு மொத்தமாகப் போடுவது 15 லட்சம் யூனிட். அது சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் கலக்கிறது. கணக்குப் போட்டால், குழாயில் இருக்கும் செறிவு உடலில் இருப்பதைவிட 200 மடங்கு!

மூலிகைக்கும் அதே கதைதான். பல ஆய்வுகளில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில் சாற்றைக் கலக்குகிறார்கள். அப்படியென்றால் அரை மில்லி ரத்தத்துக்கு ஒரு மில்லிகிராம். அதே அளவு நம் உடலில் எட்ட, 10 கிராம் சாற்றுத்தூள் நேரடியாக ரத்தத்துக்குள் போக வேண்டும். குடித்தால் போதாது. கஷாயம் வயிற்றில் செரித்து, குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைத் தாண்டித்தான் ரத்தத்துக்கு வரும். அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதைக் குழாய்ச் சோதனை சொல்லாது.

இன்னொன்று, எடை குறைந்தாலே நார் வெட்டப்பட்டது என்று அர்த்தமில்லை. சில செடிகளில் சோப்பு நுரைபோல நுரைக்கும் ‘சபோனின்’ இருக்கும். அது சிவப்பணுக்களை உடைக்கும். அணுக்கள் உடைந்து வழிந்தாலும் கட்டியின் எடை குறையும். அதே வேலை உடலுக்குள் நடந்தால் அது மருந்தல்ல, விஷம்.

கடைசியாக நேரம். மூளையில் ரத்த ஓட்டம் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது மருத்துவ உலகின் பிரபலமான கணக்கு. சோதனைக்குழாயின் 90 நிமிடத்தில் அது 17 கோடியைத் தாண்டும். பக்கவாதத்துக்குக் கட்டி கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி ஸ்கேன் அவசியம். காரணம், சிலருக்கு அடைப்பால் அல்ல, ரத்தக்குழாய் வெடித்துப் பக்கவாதம் வந்திருக்கும். அவர்களுக்குக் கட்டி கரைக்கும் எதைக் கொடுத்தாலும் ஆபத்து.

செடியிலிருந்து மருந்தே வராதா?

வரும். வந்தும் இருக்கிறது. 1933-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு விவசாயி, இறந்த பசுவையும் ஒரு கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வகத்துக்கு வந்தார். மாடு தின்றது பூசணம் பிடித்த ‘ஸ்வீட் குளோவர்’ தீவனம். அதிலிருந்த பொருளைப் பிரித்தெடுக்கவே பல வருடங்கள் ஆயின. அதன் வழியில் உருவான வார்ஃபரின், முதலில் எலி மருந்தாகத்தான் 1948-ல் கடைக்கு வந்தது. மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது 1954-ல். பசு செத்து 21 வருடம்! அதுவும் கட்டியைக் கரைக்கும் மருந்தல்ல. புதிதாக உறையாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை.

இந்த வார்ஃபரினைத்தான் செயற்கை வால்வு பொருத்திக்கொண்ட பலர் தினமும் சாப்பிடுகிறார்கள். ஃபார்வேர்டு மெசேஜ் உண்மையில் இவர்களுக்குத்தான் ஆபத்து. மாத்திரையோடு ‘ரத்தக்கட்டி கரைய’ என்று மூலிகைப் பொடி, பூண்டு கேப்ஸ்யூல், மஞ்சள் கேப்ஸ்யூல் எல்லாம் சேர்த்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம். சமையலில் போடும் பூண்டும் மஞ்சளும் பிரச்னையில்லை. நாக்பூர் பட்டியலில் இருந்த அதிமதுரத்தையே நாள்கணக்கில் அதிகமாக எடுத்தால் பி.பி ஏறும், பொட்டாசியம் குறையும்.

வீட்டில் யாராவது இப்படி ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்தமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று வாய் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது, நெஞ்சில் பாரம் வைத்ததுபோல அழுத்துவது... இதில் எது தெரிந்தாலும் அடுப்பில் கஷாயம் ஏற்றாமல் 108-ஐ அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் ஒன்று.