பாதிப் பருவம்

பருவத்தின் நடுவில் ஓர் அணிக்குத் தீர்ப்பு எழுதிவிடுவது பத்திரிகைக்காரர்களின் பழைய வியாதி. எனக்கும் அது முப்பது ஆண்டுகளாக உண்டு. செய்தி மேசையில் விளையாட்டுக்கு என்றைக்கும் மிஞ்சிய இடந்தான் கிடைக்கும். அந்த இடத்தை நிரப்பப் புள்ளிப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, இன்னார் தேறுவர், இன்னார் தேறமாட்டார் என்று எழுதுவதைப் போல் இலகுவான வேலை வேறில்லை. பொய்த்துப் போனாலும் பாதகமில்லை. மறுநாள் அந்தத் தாள் வடை சுற்றப் போய்விடும்.

ஒரேயொரு தடவை மட்டும் என் தீர்ப்பைத் திருப்பிக் கேட்க ஆள் இருந்தது. அவன் என் அக்காள் மகன். எல்லவில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறான். பகலெல்லாம் ஒன்பது வளைவுப் பாலத்துக்கு வழி கேட்கும் வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டிவிட்டு, மாலையில் தேயிலை மலையேறி வீட்டுக்கு வருவான். வீட்டில் இந்திய அலைவரிசைகளைப் பிடிக்கும் ஒரு டிஷ் உண்டு. மூடுபனி இறங்கினாலோ மழை வலுத்தாலோ படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். அந்த உடைந்த படத்தில்தான் அவன் 2014 முதல் சென்னையின் எப்.சி. கழகத்தைப் பின்தொடர்ந்து வருகிறான். பின்னர் என்னையும் இழுத்து விட்டான்.

எல்லவில் இருப்பவனுக்குச் சென்னை அணி எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பண்டாரவளை ஞாயிறு சந்தையில் வாங்கிய பார்சிலோனாச் சட்டையோடு திரியும் தோட்டத்துப் பையனிடம் அந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. வீரர்களின் பெயரைத் தமிழில் உச்சரிக்கும் வர்ணனை, வியாசர்பாடி போன்ற நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து எழும்பி வந்த தன்பால் கணேஷ் போன்ற பையன்கள், இவை போதும். போதாததற்கு அவ்வணியின் இரசிகர் குழாம் ஒன்றுக்குச் 'சூப்பர்மச்சான்ஸ்' என்று பெயர். சிங்களவரும் தமிழரும் ஒருவரையொருவர் மச்சான் என்று விளிக்கும் ஒரு நாட்டில் இருந்துகொண்டு அதை எப்படி அந்நியம் என்பது?

விடயத்துக்கு வருகிறேன். 2018-19 பருவத்தில், நடப்புச் சம்பியனாகக் களமிறங்கிய சென்னையின் அணி 18 போட்டிகளில் 9 புள்ளிகளை மட்டும் பெற்றுக் கடைசி இடத்தில் முடித்தது. அடுத்த பருவமும் அதே இலட்சணத்தில்தான் தொடங்கியது. முதல் நான்கு போட்டிகளில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவதில் ஐதராபாத்தை இறுதி நிமிடங்களில் 2-1 என்று மடக்கினார்கள். ஆறு போட்டிகளில் 5 புள்ளிகள். 2018இல் கிண்ணத்தை வென்று கொடுத்த பயிற்றுநர் ஜோன் கிரகரி நவம்பர் முடிவில் விலகிக்கொள்ள, டிசம்பரில் ஸ்கொட்லாந்துக்காரர் ஓவன் கொயில் வந்தார்.

பயிற்றுநரை மாற்றியதும் எல்லாம் தலைகீழாகிவிட்டது என்றுதான் இப்போது எல்லோரும் கதை சொல்கிறார்கள். நடந்தது அதுவன்று. கொயிலின் முதல் நான்கு போட்டிகளில் கிடைத்தவை 4 புள்ளிகள். பாதிப் பருவம், அதாவது ஒன்பது போட்டிகள் முடிந்தபோது அணியிடம் இருந்தவை 9. முந்திய பருவம் முழுவதும் சேர்த்த அதே ஒன்பது! பத்தாவது போட்டி 2020 ஜனவரி 6ஆம் திகதி புவனேஸ்வரத்தில் ஒடிசாவுடன், 2-0 தோல்வி. அன்றிரவு நான் வியாதி முற்றியவனாய்ச் சொன்னேன்: "இது தேறாது தம்பி. விட்டுத் தள்ளு."

"இன்னும் பாதி கெடக்கு மாமா" என்றான் அவன்.

சரியாகச் சொன்னால் பாதிகூட இல்லை. எட்டுப் போட்டிகள்தாம் எஞ்சியிருந்தன. அந்த எட்டில் ஒன்றிலும் சென்னையின் தோற்கவில்லை. ஐதராபாத், வடகிழக்கு, ஜம்செட்பூர் என்று தொடர்ந்து மூன்று வெற்றிகள். பெப்ரவரி முதலாந்திகதி கொச்சியில் கேரளாவுக்கு எதிராக 6-3. கொல்கத்தாவில் ஏ.டி.கே.யை 3-1. மும்பையுடன் வாழ்வா சாவா என்ற போட்டியில், கோலடிப்பது தன் தொழிலே அல்லாத பின்காப்பாளர் லூசியன் கோயன் அடித்த ஒற்றைக் கோலில் வெற்றி. முதற்பாதியில் 9 புள்ளிகள், இரண்டாம் பாதியில் 20. மொத்தம் 29, நான்காம் இடம். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, தாப்பா, சாங்டே என்று ஆடியவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தாம்.

அரையிறுதியில் கோவாவை இரு போட்டிகளிலுமாக 6-5 என்று கடந்து, மார்ச் 14 அன்று இறுதிப் போட்டிக்குப் போனார்கள். கொரோனா அச்சத்தால் பார்வையாளரே இல்லாத கோவா அரங்கில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றார்கள். ஆறு நாள் கழித்து இங்கே நாடு முழுவதும் ஊரடங்கு. அந்த ஊரடங்கு நாள்களில் வீட்டுக்குள் எங்களுக்குப் பேச வேறு என்ன இருந்தது?

2015இலும் இவ்வணி இதையே செய்தது என்பதை நான் மறந்துவிட்டிருந்தேன். அவ்வாண்டு நவம்பர் நடுப்பகுதியில் பட்டியலின் அடியில் கிடந்தது. பின்பு எஞ்சிய நான்கு லீக் போட்டிகளையும் வென்றது. சென்னை வெள்ளத்தால் சொந்த மண்ணில் ஆடவேண்டிய அரையிறுதிப் போட்டியைப் பூனேயில் ஆட நேர்ந்தும், இறுதியில் கோவாவைக் கடைசி நிமிடங்களில் 3-2 என்று வீழ்த்திக் கிண்ணத்தைத் தூக்கியது.

இவற்றைச் சொல்வது, பொறுமையாயிருந்தால் எல்லாம் கைகூடும் என்று உபதேசிப்பதற்காக அல்ல. அப்படியொன்றும் விதியில்லை. அதே கொயில் 2023இல் சென்னைக்குத் திரும்பி வந்தார். 2024-25 பருவத்தில் அணி 13 கழகங்களில் பதினொன்றாவதாக முடித்தது. அந்தப் பாதியில் நானும் வாய்மூடிக் காத்திருந்தேன், ஒன்றும் எழவில்லை. நான் சொல்ல வருவது வேறு. தேறுமோ தேறாதோ, இரண்டாவது பாதி என்று ஒன்று இருக்கவேண்டும். லீக் முறை ஓர் இரசிகனுக்குத் தரும் பெருஞ்சொத்து அதுதான். அது இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கே அதன் அருமை தெரியும்.

எங்கள் மலைகளில் பையன்கள் அறிந்தது விலகல் முறை ஒன்றுதான். தைப்பொங்கலுக்கோ தீபாவளிக்கோ தோட்டத்து மைதானத்தில் ஒருநாள் சுற்றுப்போட்டி வைப்பார்கள். அயல் தோட்டங்களிலிருந்து லொறியில் அணிகள் வரும். சட்டைக்கு ஒரு புரவலர், கிண்ணத்துக்கு ஓர் அரசியல்வாதி. காலை ஒன்பது மணிக்கு ஆடித் தோற்ற அணி பத்து மணிக்கு வீடு திரும்பிவிடும். அடுத்த ஆட்டம் அடுத்த பண்டிகைக்கு! தவறு செய்த காப்பாளன் அத்தவறைத் திருத்திக்கொள்ள ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் அவன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போயிருப்பான். பதுளையில் வின்சன்ட் டயஸ் விளையாட்டரங்கு இருக்கிறது. ஆடுவதற்குக் கால்களும் இருக்கின்றன. வாரந்தோறும் ஆடி, நடுவழியில் நின்று தன்னைத் தானே எண்ணிப் பார்க்கும் ஓர் அணி எங்கள் தோட்டங்களுக்கு இல்லை.

நாட்டின் கதையும் அப்படித்தான். 2021 ஏப்ரலில் சுப்பர் லீக் என்று பத்துக் கழகங்களோடு ஒரு தொடரை ஆரம்பித்தார்கள். ஊவாவுக்கு அதில் இடமில்லை. மலைநாட்டின் பெயரால் நாவலப்பிட்டியிலிருந்து 'அப் கன்ட்ரி லயன்ஸ்' வந்தது. (தோட்டத்தில் 'லயன்' என்றால் சிங்கமல்ல, குடியிருக்கும் காம்பரா. 'நம்ம லயத்து டீமா மாமா?' என்று மருமகன் கேட்டதை இன்றும் நினைத்துச் சிரிப்பேன்.) அந்த முதற்பருவம் கொவிட் அலையில் இடையே நின்று, மீண்டும் தொடங்கி, களுத்துறை புளூ ஸ்டார் கழகத்துக்குக் கிண்ணத்தைக் கொடுத்து முடிந்தது. அடுத்த ஆண்டில் அதற்கு இரண்டாவது பருவம் வரவில்லை. 2023 ஜனவரியில் பிஃபா இலங்கைச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. ஓகஸ்ட் முடியும்வரை தடை நீடித்தது. நிர்வாகிகளின் கதிரைச் சண்டைக்கு எத்தனையோ விளக்கங்கள் உண்டு. அந்த ஏழு மாதங்களில் இருபத்தெட்டு வயதிலிருந்து இருபத்தொன்பதுக்குப் போன முன்னணி வீரனுக்கு அவற்றில் ஒன்றும் உதவாது.

எங்களிடம் இல்லாதது அங்கே இருக்கிறது என்றுதான் சென்னையைப் பற்றிக்கொண்டோம். 2025இல் அந்த மரமும் ஆடியது. இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்திய வர்த்தக நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுபட்டது. ஓகஸ்டில் சென்னையின் கழகம் தன் செயற்பாடுகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்த இரவு மருமகன் விடுதியிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். "மாமா, இந்த வருசம் பாதியுமில்ல, முழுசுமில்ல."

அபிஷேக் பச்சனும் தோனியும் உரிமையாளர்களாக இருக்கும் ஒரு கழகத்துக்கே இந்தக் கதி என்றால், நாவலப்பிட்டியைக் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை. அன்றைக்கு எனக்கு 2020 ஜனவரியின் அந்த ஒன்பது புள்ளிகளின் மீது ஓர் ஏக்கமே வந்தது. பட்டியலின் அடித்தட்டில் கிடப்பதற்குக்கூட ஒரு பட்டியல் வேண்டுமே!

பின்னர் 2026 பெப்ரவரியில் லீக் தொடங்கியது. 14 கழகங்கள், ஒவ்வொன்றும் மற்றொன்றை ஒரே தடவை சந்திக்கும், ஆளுக்கு 13 போட்டிகள். ஒன்றுமில்லாததற்கு இது மேல் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் 13இல் பாதி எது? ஏழாவது போட்டியின் இடைவேளையில், வீரர்கள் தோடம்பழச் சுளையை வாயில் வைத்திருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்கள்தாம் பருவத்தின் நடு! வேடிக்கைக்காக ஒரு கணக்குப் பார்த்தேன். 2019-20இல் பதின்மூன்றாவது போட்டியோடு பருவம் முடிந்திருந்தால் சென்னையின் 18 புள்ளிகளோடு நின்றிருக்கும். கொச்சியின் ஆறு கோல்கள் இல்லை. கொல்கத்தா இல்லை. கோயனின் கோல் இல்லை. புவனேஸ்வர இரவில் நான் சொன்ன வாக்கியம் பலித்தே போயிருக்கும்.

ஆகவே சம்மேளனங்களில் கதிரை பிடித்திருப்பவர்களிடம் எனக்கு நீண்ட கோரிக்கை எதுவும் இல்லை. உள்ளூர் வீரருக்குச் சம்பளம், புற்றரை, வெளிநாட்டுப் பயிற்றுநர் எல்லாவற்றையும் பிறகு பேசலாம். பதுளைக்கு ஒரு லீக் அட்டவணை வேண்டும். எட்டு அணிகள் போதும். தோட்டத்துக்கு ஒன்று வேண்டாம், பசறைக்கு ஒன்று, ஹாலி-எலைக்கு ஒன்று, பண்டாரவளைக்கு ஒன்று என்று இருக்கட்டும். வீட்டில் ஒரு தடவை, வெளியில் ஒரு தடவை, ஆக 14 போட்டிகள். திகதிகளை முன்கூட்டியே அச்சிட்டு, மழை பெய்தால் எந்த ஞாயிற்றில் மறுபடி ஆடுவது என்பதையும் அதிலேயே குறித்துவிட்டால் நல்லது. எங்கள் பக்கத்தில் மழை பெய்யும்.

மருமகனிடம் இதைச் சொன்னேன். எட்டு அணிகளின் பெயரையும் ஒரு பழைய விடுதிப் பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டினான். எல்ல அணியை எட்டாவதாக எழுதியிருந்தான். ஏன் கடைசியில் என்று கேட்டேன்.

"ஏழு மெச் முடியட்டும் மாமா" என்றான்.