தேக்கடியில் நாம் யாருடைய விருந்தினர்?

பள்ளி விடுமுறை தொடங்கியதும் கம்பம் பள்ளத்தாக்கின் பங்குகளிலிருந்து தேக்கடிக்குப் பேருந்துகள் புறப்பட்டுவிடுகின்றன. கூடலூரைக் கடந்து, லோயர் கேம்ப் மலைப்பாதை ஏறி, குமுளியில் இறங்கி, படகுக்கு வரிசையில் நின்று, யானை தென்பட்டால் கூச்சலிட்டு, சோற்றுப் பொட்டலங்களின் நெகிழித் தாள்களை அங்கேயே விட்டுவிட்டு மாலையில் திரும்புகிறோம். ஏரியைப் பார்த்தாயிற்று என்கிறோம். எதைப் பார்த்தோம்?

அந்த ஏரி நமக்கு அந்நியமானதன்று. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையால் தேங்கிய நீர் அது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்களை நனைப்பதும் அதுவே. பென்னிகுக் பிறந்த நாளில் நாம் பொங்கல் வைக்கிறோம். அது நன்றியுள்ள செயல். ஆனால் அணை நீரைத் தடுக்கிறதேயன்றி, நீரை உண்டாக்குவதில்லை. அந்நீர் ஊறுவது காட்டில். அந்தக் காட்டை இரவும் பகலும் காப்பவர் யாரென்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஒரு காலத்தில் அக்காட்டில் வயணா மரங்களின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். வழக்கு, சிறை, மீண்டும் காடு என்று அவர்கள் வாழ்க்கை கழிந்தது. 1990-களின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, அவர்களையே ஒரு குழுவாக அமைத்துக் காவல் பணியையும் வழிகாட்டும் பணியையும் ஒப்படைத்தார்கள். திருடிய பாதைகளிலேயே இன்று அவர்கள் பயணிகளைச் சிறு குழுக்களாக நடத்திச் செல்கிறார்கள். மறைவிடங்களை அவர்களைவிட அறிந்தவர் எவர்? குமுளிப் பகுதிப் பெண்களோ 'வசந்தசேனை' என்ற பெயரில், 2002 முதல் ஊதியமின்றிக் காட்டைச் சுற்றி வருகிறார்கள். மன்னான், பளியர் இனத்தவர் தெப்பப் பயணங்களிலும் நடைப்பயணங்களிலும் வழிகாட்டிகளாயிருக்கிறார்கள்.

"திருடர்களிடம் காட்டைக் கொடுப்பதா?" என்று படித்தவர்களே முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். சக்கேயுவின் வீட்டில் இயேசு தங்கியபோதும் இப்படித்தான் முணுமுணுத்தார்கள்.

இது குறையற்ற ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. திட்டத்தின் பணம் உலக வங்கியிலிருந்து வந்தது. குழுக்கள் வனத்துறையின் கீழேதான் இயங்குகின்றன. முடிவெடுக்கும் கடைசி உரிமை இன்றும் மக்களிடம் இல்லை. மன்னான் மக்கள் முன்னரே காட்டினுள்ளிருந்து வெளியே குடியேற்றப்பட்டவர்கள். தம் பாட்டன் வாழ்ந்த காட்டைப் பயணிக்குக் காட்டி ஒருவர் கூலி பெறுகிறார் என்றால், அதில் ஒரு கசப்பு இருக்கத்தான் செய்கிறது. எனினும், மக்களை எதிரியாக்கிக் காட்டைக் காக்க முடியாது என்பதை அந்த மலைச்சரிவு காட்டிவிட்டது.

எல்லைக்கு இப்பக்கம் நாம் என்ன செய்கிறோம்? 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நல்லதுதான், வைகைக்கு நீர் தரும் காடு அது. ஆனால் மேகமலையிலும் வருசநாட்டிலும் வாழ்வோரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'ஆக்கிரமிப்பாளர்' என்ற சொல்லே முதலில் வருகிறது. பெருநிலம் வளைத்தவனையும், தலைமுறையாய்த் தேன் எடுத்துக் கிழங்கு அகழ்ந்த பளியரையும் ஒரே சொல்லால் அடிப்பது நீதியா? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வேறு மொழி பேசுகிறது. மனிதரை அகற்றினால் காடு தானே தழைக்கும் என்பவர்கள், ஆளில்லாக் காட்டுக்குள் கள்ள வேட்டைக்காரன் எவ்வளவு எளிதாய் நுழைவான் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

"நடைப்பயணக் கட்டணம் அதிகம், சாமி, படகுதான் மலிவு" என்பார்கள் நம் பங்கு மக்கள். அன்றாடக் கூலியில் பிள்ளைகளை அழைத்துவரும் குடும்பத்திடம் நான் வாதாட மாட்டேன். ஆனால் ஒரு திருமண விருந்தில் மிச்சமாகும் உணவின் விலையைக் கணக்கிடாத நாம், காட்டைக் காப்பவருக்குப் போகும் கூலியில் மட்டும் சிக்கனம் பேசுகிறோம். கூட்டத்தை ஏற்றி இறக்கும் அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று அந்த ஏரியிலேயே படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள்.

ஆகவே அடுத்த விடுமுறைக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் பங்குப் பேரவையினரிடமும் இளைஞர் குழுவினரிடமும் நான் கேட்பது இவ்வளவே: ஐம்பது பேர் ஒரே நாளில் மொய்ப்பதை விட்டு, சிறு குழுக்களாகப் பிரிந்து செல்லுங்கள். மக்கள் குழுக்கள் நடத்தும் பயணங்களில் முன்பதிவு செய்யுங்கள். உடன் நடப்பவரின் பெயரைக் கேளுங்கள். அவரை 'டேய்' என்று அழைக்காதீர்கள். கொண்டுபோன தாளையும் புட்டியையும் திரும்பக் கொண்டுவாருங்கள். திரும்பிய பின், மேகமலையில் வாழ்வோருக்கும் இத்தகைய குழுக்கள் ஏன் அமையக்கூடாது என்று சட்டமன்ற உறுப்பினருக்கும் வனத்துறைக்கும் எழுதுங்கள். கையெழுத்து வாங்கும் தாளைக் கோவில் வாசலில் வைக்க நான் தடை சொல்ல மாட்டேன்.