ஆரணிப் பட்டுக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயருக்கும் என்ன சம்பந்தம்?

கிட்டார் வாசிக்கும் நண்பர் ஒருவர், "கையால் செய்த ஆம்ப்ளிஃபயர், 3 லட்சம் ரூபாய்" என்று சொன்னால் முதலில் சிரிப்புதான் வரும். பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், கொஞ்சம் ஒயர், நாலைந்து கண்ணாடிக் குழாய்கள். தாத்தா வீட்டு வால்வு ரேடியோவில் இருந்த அதே வால்வு! ஸ்விட்ச் போட்டு, சூடேறும் வரை காத்திருந்து பாட்டு கேட்டவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆரணியில் கைத்தறிப் பட்டு வாங்கப் போகிறவரும் இதே கேள்வியோடுதான் கடைக்குள் நுழைகிறார். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் விசைத்தறிச் சேலை பாதி விலைக்குக் கிடைக்கும்போது, இது எதற்கு?

வால்வில் அப்படி என்ன இருக்கிறது?

1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய மூன்று முனை வால்வுதான் மின்சார ஒலிபெருக்கத்தின் தொடக்கம். 1947-ல் டிரான்சிஸ்டர் வந்தது. சிறியது, மலிவானது, சூடாகாதது. ரேடியோ, டிவி எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. கிட்டார்காரர்கள் மட்டும் போகவில்லை.

காரணம், வால்வின் குறைதான். அளவுக்கு மீறி சத்தம் கொடுத்தால் டிரான்சிஸ்டர் ஒலி அலையின் தலையைக் கத்தியால் வெட்டியதுபோல் நறுக்கிவிடும், காதுக்குக் கரகரப்பு. வால்வு அதையே மெதுவாக மழுக்கும். ஓங்கி அடித்தால் ஒலி கொஞ்சம் அமுங்கி, பிறகு மலரும். ராக் இசையின் 'டிஸ்டார்ஷன்' பிறந்தது இந்தக் குறையில்தான்.

'பூட்டிக்' ஆம்ப்ளிஃபயர் செய்பவர்கள் அச்சிட்ட சர்க்யூட் போர்டைத் தவிர்த்து, ஒவ்வொரு ஒயரையும் கையால் சால்டர் செய்கிறார்கள். இதனால் மட்டும் ஒலி மாறிவிடும் என்பதை அப்படியே நம்பத் தேவையில்லை. நிஜமான லாபம் வேறு: 30 வருஷம் கழித்தும் ஒரு மெக்கானிக் திறந்து பார்த்து, பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம். (கிட் வாங்கி வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் கவனிக்க: உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கி நிற்கும். ஆளைக் கொல்லப் போதுமானது.)

சிக்கல் எங்கே?

ஒயரைக் கையால் இணைக்கலாம், பெட்டியை இழைக்கலாம். வால்வை வீட்டில் செய்ய முடியாது. தலைமுடி போன்ற கம்பியைத் துல்லியமாகச் சுற்றி, கண்ணாடிக்குள் வைத்து, காற்றை முழுதாக உறிஞ்சி மூட வேண்டும். அதற்குத் தொழிற்சாலை வேண்டும். இன்று கிட்டார் உலகத்துக்கான வால்வுகளில் பெரும்பகுதி ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்துதான் வருகிறது.

2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யா பல பொருள்களின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ரஷ்யாவின் சரட்டோவ் நகரில் ஆலை வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனம் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், வால்வு வராது என்று அறிவித்ததும் உலகம் முழுக்க ஆம்ப்ளிஃபயர் பட்டறைகள் பதறின. சில நாட்களில் அனுமதி கிடைத்தது. ஆனால் அமெரிக்கா விதித்த கூடுதல் வரியால் விலை ஏறியது. எங்கோ நடந்த போர், ஒரு தனி ஆளின் பட்டறை மேசையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தியாவும் ஒரு காலத்தில் வால்வு செய்தது. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-ல் ரேடியோ வால்வு தயாரிப்பைத் தொடங்கியது. அந்த உற்பத்தி நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன. பிரிக்காத பெட்டியில் மிச்சமிருக்கும் 'பெல்' வால்வுகளை இன்று வெளிநாட்டு ஆம்ப்ளிஃபயர் பிரியர்கள் இணையத்தில் தேடி வாங்குகிறார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

ஆரணியில் அந்த 'வால்வு' எது?

பட்டு நூலும் ஜரிகையும். நெசவாளியின் கைத்திறன் ஆரணியில் இருக்கிறது. நூல் கர்நாடகத்திலிருந்தோ சீனாவிலிருந்தோ வர வேண்டும், ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து. 2021-22 மத்திய பட்ஜெட்டில் கச்சாப் பட்டு இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 15 ஆனது. கூடு வளர்க்கும் விவசாயிக்கு அது பாதுகாப்பு. தறியில் உட்காருபவருக்கு அதுவே சுமை. அசல் ஜரிகை என்பது வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது. 2025-ல் தங்கமும் வெள்ளியும் ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம். இதில் பலர் கூலிக்கு நெய்பவர்கள். நூல் விலை ஏறினால் கூலி ஏறாது, வேலை நாள்தான் குறையும்.

ஒரு விஷயத்தில் ஆரணிக்குப் பலம் அதிகம். 'ஹேண்ட்மேட்' ஆம்ப்ளிஃபயர் என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். சேலைக்கு அப்படி இல்லை. 1985-ம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், குறிப்பிட்ட வகைச் சேலைகள் உட்பட 11 ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறது. அந்தச் சட்டம் செல்லும் என்று 1993-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் வாங்குபவர் கண்ணால் பார்த்துக் கைத்தறியா, விசைத்தறியா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். சட்டத்தின் ஓட்டையே அங்கேதான்.

இன்னொரு விஷயத்தில் ஆம்ப்ளிஃபயர்காரர் முந்துகிறார். கலிஃபோர்னியாவில் வாழ்ந்து 2022-ல் மறைந்த அலெக்சாண்டர் டம்பிள், வாழ்நாளில் செய்தது சில நூறு பெட்டிகள்தான். இன்று ஒன்று 1 லட்சம் டாலரையும் தாண்டி விற்கிறது. அந்த விலை பாதி ஒலிக்கு, பாதி பெயருக்கு. அவர் செய்தது என்று தெரிவதால்தான் அந்த விலை.

ஆரணியில் நெய்த சேலையோ பெரும்பாலும் கடையின் பெயரில்தான் விற்பனையாகிறது. கைத்தறி முத்திரை 'கையால் நெய்தது' என்று சொல்லும்; யார் கை என்று சொல்லாது. கோ-ஆப்டெக்ஸ் தன் பட்டுச் சேலைகளில் நெய்தவரின் பெயரும் படமும் போட்ட அட்டையை வைத்துப் பார்த்தது. தனியார் கடைகளில் அப்படி ஓர் அட்டையைக் கேட்டு வாங்குகிற வழக்கம் இன்னும் வரவில்லை.