பீரோ மேல் ஏறிய ஃபைல்

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடிந்து வீடு திரும்பியவரிடம் "இனிமே ஒண்ணுமில்ல" என்று சொல்லும் நம் அன்பில் ஓர் ஆபத்து இருக்கிறது. மறுவாரமே ஃபைல் மஞ்சப்பைக்குள் சுருண்டு பீரோ மேல் ஏறிவிடும். நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் 3 ஆண்டுகளுக்குள்தான் திரும்புகிறது, அதுவும் ஓசைப்படாமல். அதனால்தான் முதல் 2 ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை, இடையிடையே சி.டி. ஸ்கேன், ஓராண்டில் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி. (அதற்கு முந்தைய நாள் குடிக்கும் பேதி மருந்தை யாரும் ரசித்துக் குடிப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன்.) திரும்பிய நோயை, கல்லீரலில் ஒரு சிறு புள்ளியாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் வெட்டியெடுத்துப் பிழைக்க வழியுண்டு. 2025இல் வெளியான 'சேலஞ்ச்' ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கீமோ முடித்த 889 பேரில் ஒரு பாதிக்குப் பயிற்சியாளர் துணையோடு 3 ஆண்டு உடற்பயிற்சி. மறுபாதிக்கு அறிவுரைக் கையேடு மட்டும். எட்டாண்டுக் கணக்கில் உயிரோடிருந்தவர்கள் முதல் பிரிவில் 90 சதவீதம், மற்றதில் 83. நம் டாக்டர்களோ "நல்லா நடங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எவ்வளவு, எப்படி என்று சீட்டில் எழுதுபவர் அரிது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அடுத்த 5 ஆண்டுக்கான பரிசோதனைத் தேதிகளை ஒரே தாளில் கேட்டு வாங்குங்கள். அதைக் காலண்டர் பக்கத்தில் மாட்டுங்கள்.